கடாரம் கொண்ட புட்டு

கூலி பேசும்போது பாதிப் பங்கு கேட்பதுபோல் கேட்டு, கடைசியில் முழுச் சரக்கையும் தானே தின்று தீர்த்த தொழிலாளி தமிழ் வரலாற்றில் ஒருவர்தான். அவர் பெயர் சிவபெருமான்.

கதை தெரிந்ததுதான். திருவாதவூரார் என்ற அமைச்சர், குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த கஜானாப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் வேலைக்குச் செலவழித்துவிட்டார். தணிக்கைத் துறை இல்லாத காலம். ஆனால் அரிமர்த்தன பாண்டியனுக்குக் கணக்கு தெரியும். அமைச்சரைக் காப்பாற்ற நரிகள் குதிரைகளாயின. ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரைகள் நரிகளாயின. அமைச்சரை வெயிலில் நிறுத்தியதும் வைகையில் வெள்ளம் வந்தது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று தண்டோரா. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. மண்வெட்டியும் கூடையுமாக ஓர் இளைஞன் வந்து நின்றான். உதிர்ந்த பிட்டு எனக்கு, உதிராத பிட்டு உனக்கு என்றான். நியாயமான பேச்சு. கிழவி தலையாட்டினாள். அன்றைக்கென்று பார்த்து அவித்ததெல்லாம் உதிர்ந்தது.

பிறகு அவன் பார்த்த வேலையையும் சொல்ல வேண்டும். தின்றான், பாடினான், ஆடினான், கூடையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான். நூறு நாள் வேலைத் திட்டத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் இந்தப் படலத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம். மன்னன் பிரம்பால் ஓர் அடி கொடுத்தான். அந்த அடி மன்னன் முதுகு உட்பட உலகத்தில் இருந்த எல்லார் முதுகிலும் விழுந்தது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடல் புராணத்தில் இதை 61ஆம் படலமாக வைத்தார். மதுரையில் ஆவணி மூலத்துக்கு இன்றைக்கும் பிட்டுத் திருவிழா நடக்கிறது, புட்டுத்தோப்பு என்று ஓர் இடமே இருக்கிறது.

எங்கள் பெரியம்மா இந்தக் கதையைக் கேட்டு ஒருநாளும் உருகியதில்லை. "அந்தக் கெயவி மாவுல தண்ணி சரியா தெளிக்கல. அந்த ஆளு அத்தப் பாத்துட்டுதான் பேசினான்" என்பது அவர் தீர்ப்பு. பக்திப் பார்வையில் இது குற்றம். தொழில் பார்வையில் மறுக்க முடியாதது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்துவிட வேண்டும். மாவை வாணலியில் வறுக்கும்போது விரலால் எடுத்தால் கோலம் போட வரவேண்டும், அதுதான் கணக்கு. பிறகு உப்புக் கரைத்த வெந்நீரைத் தெளித்துத் தெளித்து விரல் நுனியால் கலக்க வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். தண்ணீர் ஒரு கை குறைந்தால் வந்தியின் கதி. ஒரு கை கூடினால் கொழுக்கட்டை. இட்லிக் குண்டானில் துணி போட்டு ஆவியில் வைத்து, வெந்ததும் வெல்லம், தேங்காய்த் துருவல், ஏலக்காய், வசதி இருந்தால் நெய். களம்பூரிலும் ஆரணியிலும் அரிசி ஆலைகள் ராப்பகலாக ஓடுகிற வட்டாரம் இது. அரிசி கிடைக்கவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

சொல்லப்போனால் மதுரைக்கு மண் சுமக்கப் போவதற்கு முன்பே சிவபெருமான் எங்கள் ஊர்க்காரர். எங்கள் கலசப்பாக்கத்திலிருந்து மேற்கே பார்த்தால் பர்வதமலை. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் அதை நவிரம் என்கிறார். அதன்மேல் இருந்த தெய்வத்துக்கு அவர் தரும் பெயர் காரியுண்டிக் கடவுள், அதாவது நஞ்சைத் தின்றவர். மன்னன் நன்னனிடம் பரிசில் வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழிநெடுக என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் விலாவாரியாகச் சொல்கிறார். 583 அடியில் தினைச்சோறு, இறைச்சி, மூங்கிலரிசி கலந்து அவரை போட்ட புளிங்கூழ் என்று ஊர் ஊராக இலை போட்டு உட்கார வைக்கிறார். அவர் பட்டியலில் மலைமேல் இருக்கிற சாமிக்கு மட்டும் மெனு ஒன்றே ஒன்று, விஷம். இப்படி ஓர் ஊரில் இருந்தவர் நாலு வாய் வெல்லம் போட்ட புட்டுக்காக மதுரை வரை நடந்ததில் ஆச்சரியம் என்ன? ஆற்றுச் சகவாசம் மட்டும் அவரை விடவில்லை. வருஷா வருஷம் ரதசப்தமிக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையார் எங்கள் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வந்து திருமாமுடீஸ்வரரைப் பார்த்துவிட்டுப் போகிறார். இங்கே யாரும் அவரை மண் சுமக்கச் சொல்வதில்லை. ஆற்றில் மண் இருந்தால்தானே சொல்வதற்கு.

புராணத்தை விட்டு இலக்கியத்துக்கு வந்தால், சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்து வீதியில் 'காழியர்' நிற்கிறார்கள். பிட்டு விற்கிறவர்கள் என்று உரை சொல்கிறது. பக்கத்தில் அப்பம் விற்கும் கூவியர், அதற்கடுத்துக் கள் விற்கும் பெண்கள். டாஸ்மாக் வாசலில் சுண்டல் கடை போடும் வணிக ஞானம் நமக்குப் புதிதில்லை. அந்த மருவூர்ப்பாக்கத்தில்தான் கப்பலேறும் யவனரும் மற்ற வேற்று நாட்டாரும் குடியிருந்தார்கள். புட்டுக்கும் கப்பலுக்கும் இடையே நாலு எட்டுத்தான் தூரம்.

இனி நாம் கடல் தாண்டலாம். பாடப் புத்தகம் இந்த இடத்தில் முரசு கொட்டும். 1025இல் இராசேந்திர சோழன் கப்பற்படையை அனுப்பி ஸ்ரீவிஜயத்தை அடித்தான், கடாரத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தான், வித்தியாதர தோரணத்தைத் தூக்கி வந்தான். மெய்க்கீர்த்தி ஊர் ஊராக அடுக்குகிறது. தோரண வாசலைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றும் அளவுக்கு ஆள் பலம் இருந்திருக்கிறது, அந்த ஆட்கள் காலையில் என்ன தின்றார்கள் என்று எழுத மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்வெட்டுக்குக் காசு கொடுத்தவர் மன்னர், அவருக்குப் புட்டைப் பற்றி என்ன கவலை.

ஆனால் மன்னனுக்கு முன்னாலேயே வணிகன் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குளம் வெட்டி அதற்கு 'அவனிநாரணம்' என்று பெயர் வைத்து, மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்ட செய்தி. அவனிநாரணன் என்பது எங்கள் தொண்டைமண்டலத்தை ஆண்ட மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். கடல் கடந்து போயும் குளத்துக்குத் தலைவர் பெயரை வைக்காமல் இருக்க நம் ஆளால் முடியவில்லை. சுமத்ராவின் பாருஸில் 1088இல் ஐந்நூற்றுவர் வணிகக் குழு இன்னொரு தமிழ்க் கல்வெட்டை நட்டது. அங்கே அவர்களுக்குக் கற்பூரத்தில் கண்.

இவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று அறியக் கல்வெட்டைவிட மலாய் அகராதி உதவும். அங்கே கப்பல் 'கபால்', பெட்டி 'பெத்தி', முதல் 'மோடால்', கடை 'கெடாய்', கூலி 'கூலி', கட்டில் 'காத்தில்', சுருட்டு 'செருத்து', மாம்பழம் 'மெம்பெலாம்'. வரிசையாக வைத்துப் பாருங்கள். தமிழன் பெட்டியோடு கப்பலேறிப் போய், முதல் போட்டுக் கடை வைத்து, கூலிக்கு ஆள் அமர்த்தி, மாம்பழம் தின்றுவிட்டு, கட்டிலில் சாய்ந்து சுருட்டுப் பிடித்திருக்கிறான். ஒரு முழு வாழ்க்கை வரலாறு. இதில் வாளும் இல்லை, வேலும் இல்லை. அதே அகராதியில் அப்பம் 'ஆப்பாம்' ஆகவும், புட்டு 'புத்து' ஆகவும் உட்கார்ந்திருக்கின்றன. கடாரத்தை வென்றது இராசேந்திரன்தான், அங்கே குடித்தனம் நடத்தியது புட்டு.

அங்கே போன சொல் ஒன்று திரும்பி வந்த கதையும் உண்டு. நம் கிடங்கு மலாயில் 'கூடாங்' ஆனது, வெள்ளைக்காரன் வாயில் 'கோடௌன்' ஆனது. இன்றைக்குக் களம்பூரில் நெல் மூட்டை அடுக்குகிறவரிடம் கிடங்கு எங்கே என்று கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார். குடோன் என்றால் கை காட்டுவார்.

புட்டு திரும்பி வரவில்லை. அங்கேயே பேரன் பேத்தி எடுத்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'புத்து பிரிங்' என்றால் தட்டுப் புட்டு. மாவை வட்ட அச்சில் பரப்பி, நடுவில் பனைவெல்லம் வைத்து, மேலே மாவு மூடி, துணியைச் சுற்றிக் கூம்பு மூடிக்குள் ஆவியில் வைக்கிறார்கள். சில நிமிஷத்தில் வெந்துவிடும், உப்புச் சேர்த்த தேங்காய்த் துருவலோடு இலையில் வைத்துத் தருவார்கள். கடித்தால் வெல்லப்பாகு நாக்கைச் சுடும். 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரிலும் அது முகம் காட்டிவிட்டது. சிங்கப்பூர்ச் சீனர்கள் அதன் தம்பியை 'குவே டுட்டு' என்கிறார்கள். ஆவி 'டுட்டு டுட்டு' என்று வந்ததால் அந்தப் பெயராம். பக்கத்து வீட்டில் 'புத்து' என்று ஒன்று காலங்காலமாக வெந்துகொண்டிருக்கும்போது இந்த விளக்கத்தைச் சிரிக்காமல் சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும். இந்தோனேசியாவில் மூங்கில் குழலில் அவிக்கிறார்கள், இலைச்சாற்றால் மாவு பச்சையாக இருக்கும். வண்டியின் ஆவி துவாரத்தில் விசில் அடிக்கும், அந்தச் சத்தம் கேட்டுத் தெருப் பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

அந்த இந்தோனேசியாவில்தான் புட்டுக்கு ஒரு சீனப் பூர்வீகமும் உலவுகிறது. 1200 ஆண்டுகளுக்கு முன், மிங் வமிசத்தின் காலத்தில், உள்ளே பயறு வைத்து அவித்த ஒரு பலகாரமாம் அது. மிங் வமிசம் ஆட்சிக்கு வந்ததே 1368இல். 1200 ஆண்டுக்கு முன் சீனாவை ஆண்டது தாங் வமிசம். இல்லாத வமிசத்தின் அரண்மனை அடுக்களையில் வெந்த புட்டு என்பதால் அதற்கு ருசி அதிகமாக இருந்திருக்கும்.

சிரிப்பதற்கு நமக்கும் பெரிய யோக்கியதை இல்லை. இங்கே இரண்டு கட்சி. பிட்டால் உதிர்வதால் பிட்டு, பச்சைத் தமிழ் என்பது ஒன்று. பிஷ்டம் என்றால் சமஸ்கிருதத்தில் மாவு, வங்காளத்தின் 'பிட்டா' பலகாரமும் அதிலிருந்து வந்ததுதான், ஆகவே புட்டும் எங்களதே என்பது மற்றது. வங்காளப் பிட்டா விஷயத்தில் இரண்டாம் கட்சி சொல்வது சரி. நம் புட்டு விஷயத்தில் இரண்டு கட்சியும் இலையில் உட்கார்ந்தபடியே சண்டை போடட்டும், ஆறினால் புட்டு நன்றாக இருக்காது. மலாய்க்காரர் வாங்கியது நம் கடையில் என்பதில் இரண்டு கட்சிக்கும் தகராறில்லை.

சொல் ஊர்விட்டு ஊர் போனால் மானம் போகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சாட்சி. அங்கே ஆவியில் வேகும் அரிசிப் பலகாரத்துக்குப் பெயர் 'புட்டோ'. 1565 முதல் 1898 வரை அந்தத் தீவுகளை ஆண்டது ஸ்பெயின். ஸ்பானிய மொழியில் அதே சொல் அச்சில் ஏற்ற முடியாத வசவு. டிசம்பர் 16 முதல் 24 வரை கோழி கூவுமுன் பூசை. உள்ளே பாதிரியார் பாவமன்னிப்பு பற்றிப் பேச, வெளியே கோயில் வாசலில் கிழவிகள் அந்த வசவை ராகம் போட்டுக் கூவி விற்றிருப்பார்கள். முந்நூற்றுச் சொச்சம் வருஷம் ஆண்டவர்களாலும் அந்தப் பெயரை மாற்ற முடியவில்லை. இன்றைக்கும் கிறிஸ்துமஸ் என்றால் மூங்கில் குழலில் அவித்த ஊதா நிற 'புட்டோ பும்போங்' தான். ஸ்பானியரைப் பார்த்து நாம் சிரிக்கவும் வேண்டாம். நம்மூரிலேயே பிட்டு என்றால் பரீட்சை அறையில் ஒரு பொருள், பழைய டென்ட் கொட்டாயில் வேறொரு பொருள். வந்திக் கிழவி இந்தக் காலத்தில் "பிட்டு இருக்குது, பிட்டு" என்று கூவினால் முதலில் வருவது சிவபெருமானாக இருக்காது.

இப்போது வெள்ளைக்காரன் காலம். 1751இல் ஆற்காட்டுக் கோட்டையில் கிளைவின் படைக்கு 50 நாள் முற்றுகை. சாப்பாடு தீரும் நேரத்தில் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு வடித்த கஞ்சி போதும் என்றார்களாம். மெக்காலே கண் கலங்கி எழுதியிருக்கிறார். தெம்பாகச் சாப்பிட்ட கிளைவ் நேரே ஆரணிக்கு வந்து இன்னொரு சண்டையும் ஜெயித்தான். சோற்றைக் கொடுத்துப் பழகிய ஜில்லா, அடுத்து ஆளையே கொடுத்தது. மலேயாவில் ரப்பர் தோட்டம் வந்ததும் கங்காணிகள் கூலிக்கு ஆள் பிடிக்க வந்த ஜில்லாக்களில் வடாற்காடும் ஒன்று. புட்டுக்காக மண் சுமந்தவர் ஒரு நாளில் தப்பித்துவிட்டார். இவர்களுக்குப் பால் வெட்டி முடிக்க ஆயுசு போனது. பிரம்படியும் அவரவர் முதுகிலேயே விழுந்தது, தோட்டத்துத் துரை முதுகுக்குப் போகவில்லை.

எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் 'ரஜூலா' கப்பலில் பினாங்கு போய் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கப்பல் 1926இல் கட்டப்பட்டது, 1938இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது, இடைப்பட்ட ஒரு வருஷம் என்று வையுங்கள். நாலைந்து நாள் கடலில் வாந்தி எடுத்தவர் காதில் "புத்து, புத்து மாயாம்" என்று விழுகிறது. காசு கொடுத்து வாங்கிப் பிரித்துப் பார்க்கிறார்.

"இன்னாண்ணே, புட்டுன்னு கூவிட்டு இடியாப்பத்தக் குடுக்கிறான்?"

"இங்க இதுக்கு அதான்டா பேரு."

"இது புட்டு இல்லண்ணே."

"நீயும் காலைல வரிசைக்கு வந்து அட்டையில பேர் பதிஞ்சா முருகேசன் இல்ல, வெறும் நம்பர்தான். பேசாம தின்னு."

மலாயில் 'மாயாங்' என்றால் பாளைப் பூங்கொத்து. அதன் நரம்பு நரம்பான தொங்கலைப் பார்த்துத்தான் இடியாப்பத்துக்கு இந்தப் பெயர் என்கிறார்கள். பெயர் வைத்தவன் கவிஞன். நாம் வைத்த பெயரில் இடி மட்டும்தான் இருக்கிறது.

இவர்களுக்கு முன்பே போய் மலாய்க்காரப் பெண்களைக் கட்டிக்கொண்டு மலாக்காவில் தங்கிவிட்ட செட்டிகள் வேறு இருக்கிறார்கள். வீட்டில் மலாய் பேசுவார்கள், கோயிலில் மாரியம்மனைக் கும்பிடுவார்கள். 1781இல் அவர்கள் கட்டிய கோயிலின் சாமி பெயர் பொய்யாத விநாயகர் மூர்த்தி. மிங் வமிசத்துப் புட்டுக்காரர்களை அவர் முன்னால் நிறுத்தி ஒருமுறை சத்தியம் கேட்கலாம்.

கிட்டத்தில் இருக்கிற புட்டுகளையும் யாரும் சும்மா விடவில்லை. யாழ்ப்பாணத்தில் பனையோலை நீத்துப்பெட்டியில் அவிப்பார்கள், மீன்குழம்போடும் வரும், மாம்பழத்தோடும் வரும். 2020 நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைவுகூரத் தடை கேட்ட வழக்கில், புட்டும் வடையும் தின்றவர்கள் இன்று பீட்சா தின்கிறார்கள் என்ற மாதிரி ஒரு போலீஸ் அதிகாரி நீதிமன்றத்தில் பேசிவிட்டார். முன்னேற்றத்தை அவர் அளந்த விதம் அது. மறுநாளிலிருந்து இணையம் முழுக்கப் புட்டுப் படம். யாழ்ப்பாணத்து மாணவர்கள் புட்டு அவித்துத் தின்று கண்டனம் தெரிவித்தார்கள். ஆவி பறக்கும் ஆர்ப்பாட்டம் என்று பத்திரிகைகள் வழக்கமாக எழுதுவது அந்த ஒருமுறைதான் உண்மையானது.

2022இல் பெங்களூரில் படித்த கேரளத்து மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், பிடிக்காத உணவு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, புட்டு குடும்ப உறவுகளை உடைக்கும் என்று எழுதினான். அம்மா தினமும் அதையே செய்கிறாள், அஞ்சு நிமிஷத்தில் கல்லாகிவிடுகிறது, வேறு கேட்டால் சண்டை. கேரளமே அவன் பக்கம் நின்றது. தேசிய உணவுக்கு எதிராகப் பேசியும் தேசத்துரோகி ஆகாமல் தப்பித்தவன் அவன் ஒருவன்தான்.

எங்கள் ஜில்லாவில் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. புட்டுக்குக் கேட்டால் என்ன என்று ஊரில் ஒருவர் ஆரம்பித்தார். விண்ணப்பத்தில் உற்பத்தியாகும் இடத்தின் எல்லையை வரைபடத்தோடு காட்ட வேண்டுமாம். கலசப்பாக்கத்தில் தொடங்கி, மதுரை, யாழ்ப்பாணம், பினாங்கு, ஜாவா வழியாக மணிலா வரை கோடு போட்டால் நடுவில் வங்கக் கடல் முழுசும் உள்ளே வந்துவிடுகிறது. பேச்சு அதோடு புட்டுக்கிச்சு.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் ஒரு சாயங்காலம் ஒப்பித்தேன். சோழன், பல்லவன், கற்பூரம், ரப்பர் எதற்கும் அவர் நிமிரவில்லை, குண்டானை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. பிலிப்பைன்ஸில் விடியற்காலைப் பூசை முடிந்து வருகிறவர்கள் ஊதாப் புட்டு வாங்கித் தின்கிறார்கள் என்றதும் கரண்டி நின்றது.

"மேல இன்னா போட்டுத் துன்றாங்க?"

"தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை, வெண்ணெய்."

"வெண்ணெயா?"

"ஆமாம் பெரியம்மா."

"உருக்காமயா?"

"உருக்காமத்தான்."

"அப்புறம் எதுக்குடா கோழி கூவுறதுக்கு முன்ன எழுந்து கோயிலுக்குப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, நெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.